இருபத்திநாலு ராத்தல் காற்று

கொட்டகலைக் கடைத்தெருவில் சண்முகவடிவிடம் காற்று அடிக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "எங்கேருந்து வர்றீங்க?" பக்கத்திலிருந்து என்றால் உடனே சக்கரத்தருகே குந்திவிடுவாள். கண்டியிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ என்றால், "வண்டிய ஓரமா விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க. டயரு ஆறட்டும்" என்பாள். அவசரம் என்று கத்துகிறவர்களுக்கும் அதே பதில்தான். அவர்கள் கத்தக் கத்த அவள் குரல் இறங்கும். பதில் மாறாது.

நான் அவளை முதலில் பார்த்தது 1960இல், ஒரு வழக்கில். ஹட்டனில் தொழில் நீதிமன்றம் கூடுகிற நாட்களில் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்வது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், தோட்டத்துப் பேச்சு காதுக்குப் பழக ஒரு வருடம் பிடித்தது. எத்தனையோ பேருக்கு வாயாக இருந்திருக்கிறேன். அவளுக்கு வாயாக இருந்த அந்த ஒரு நாள் மட்டும் என்னைச் சும்மா விடவில்லை. பிறகு கொட்டகலைக்குப் போய் அவளிடமும் அவள் புருஷனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் சண்முகவடிவு. பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினாள். 1948இல் நல்லமுத்துவைக் கலியாணம் செய்தாள். அவர் தேயிலை லொறியில் கிளீனர். நான்கு மலைக்கு அப்பால் சண்டை நடந்தாலும் கதவைச் சாத்திக்கொள்கிற சுபாவம். ஆனால் கைவேலை தெரிந்தவர். கொஞ்ச நாளில் லொறியை விட்டுவிட்டு, கடைத்தெருவில் கணேசமூர்த்தி என்ற விறகு காண்ட்ராக்டருக்குச் சொந்தமான தகரக் கொட்டகையில் டயருக்கு ஒட்டுப் போடும் கடை வைத்தார். பெட்ரோலில் ஓடும் பழைய காற்று மெஷின் ஒன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

1952இல் ஒரு லொறிச் சக்கரத்துக்குக் காற்று அடிக்கும்போது ரிம்மின் இரும்பு வளையம் தெறித்து நல்லமுத்துவின் வலது கையை முறித்துவிட்டது. எலும்பு கோணலாகக் கூடியது. அந்தக் கையால் தேநீர்க் கோப்பையைத் தூக்கலாம், டயர் நெம்பியைத் தூக்க முடியாது. கடையை மூடிவிட்டு மறுபடியும் லயத்துக்கே போய்விடலாம் என்றார். "நீங்க சொல்லுங்க, நான் செய்யிறேன்" என்று சண்முகவடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

லொறிக்காரர்கள் சிரித்தார்கள். சிலர் வேடிக்கை பார்க்கவே வண்டியை நிறுத்தினார்கள். மூன்றாம் மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் போட்ட ஒட்டு பிரியவில்லை.

ஆனால் அவளுக்கு ஒன்று புரியவில்லை. காற்றழுத்தம் இத்தனை ராத்தல், அதாவது பவுண்டு, என்று வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி சொன்னார்கள். ஒருவர் முப்பத்தைந்து ராத்தல் என்பார், கல்லு மாதிரி இருந்தால்தான் டயர் உழைக்கும் என்பார். அதே மாதிரிக் காரில் வரும் இன்னொருவர் பதினாறு போதும், மெத்தென்று போகும் என்பார். அவளோ கழற்றிய டயர்களைத் தடவித் தடவிப் பார்க்கிறவள். கடினமாக அடித்து ஓட்டியவை நடுவில் மட்டும் தேய்ந்திருந்தன. மெத்தென்று ஓட்டியவை இரண்டு ஓரமும் தேய்ந்து, உட்பக்கம் சுற்றிவரத் துணி மடிப்பு மாதிரி கோடு விழுந்திருந்தது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு ஒன்று இருக்க வேண்டும். அதை யார் சொல்வது?

தமிழ்ப் பாடசாலை வாத்தியார் பரமலிங்கம் ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். அவரிடம்தான் கேட்டாள்.

"வாத்தியாரய்யா, ஒங்க காருக்குப் பதினெட்டு ராத்தல்னு யாருங்க சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. றோட்டு மோசம் எல்லே. பதினெட்டு எண்டால் குலுக்காது."

"கார செஞ்சவங்க ஒண்ணுமே சொல்லலீங்களா?"

வாத்தியார் யோசித்தார். காருக்குள் துழாவி ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். வாங்கிய நாளிலிருந்து பிரிக்கப்படாத புத்தகம். பக்கம் புரட்டித் தேடி, ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்துத் தமிழில் ஒரு வரி சொன்னார். முன் டயருக்கு இருபத்திரண்டு ராத்தல். பின் டயருக்கு இருபத்திநாலு. நாலு பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்னால் இரண்டு ராத்தல் கூட. டயர் ஆறியிருக்கும்போது, அன்றைய ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது.

"திருப்பி வாசிங்க" என்றாள்.

மூன்று முறை வாசிக்க வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து மட்டும் ஆறு பேருக்குச் சூட்டுலயே எறக்கி விட்டேனுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து கார்க்காரர்கள் எல்லாரிடமும் புத்தகத்தைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியார் வந்து வாசித்தார். தகரச் சுவரில் சுண்ணாம்பால் காரின் பெயர், முன் டயர், பின் டயர், சுமை ஏறினால் எவ்வளவு என்று வரிசையாக எழுதினாள். ஐந்தாறு வருடத்தில் சுவரில் இடமில்லாமல் போயிற்று. சுவரில் உள்ளதை விட்டு வேறு அளவு கேட்டவர்களுக்கு அவள் அடிக்கவில்லை. "அப்ப வேற எடம் பாத்துக்குங்க" என்பதோடு சரி. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். வராதவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நல்லமுத்துதான் கவலைப்பட்டார்.

1959 கடைசியில் மேலேயுள்ள பெரிய தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். புதுக் காரும் வந்தது. அதன் டிரைவர் வீரய்யா பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பெயர். அந்தக் காரின் புத்தகத்தில் நாலு டயருக்கும் இருபத்திநாலு, சுமை ஏறினால் பின்னால் இருபத்தாறு என்று இருந்தது. ஒரு நாள் காலை அவர் சங்கடத்தோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, தொரை பதினெட்டு வைக்கச் சொல்றாரு. தொரசாணிக்கு முதுகு வலியாம்."

"முடியாதுண்ணே. போய்ச் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். அரைமணி நேரத்தில் துரையே காரில் வந்து இறங்கினார். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஏய், நீ என்ன சொல்றது? என் கார், என் டயர். பதினெட்டு வை" என்றார், துரைமார் பேசுகிற தமிழில்.

"தொரசாணிக்கு வலின்னா சீட்டுல மெத்த போடுங்க தொரை. டயருல காத்த எறக்குனா மடிஞ்சி மடிஞ்சி ஓடும். சூடாகி ஒரு நா வெடிக்கும்."

"நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிறதா?"

"நான் சொல்லலீங்க. ஒங்க காரு பொத்தகம் சொல்லுது."

துரையின் முகம் சிவந்தது. நெருப்புக் குச்சி ஒன்றை எடுத்து, தானே குனிந்து வால்வை அழுத்தினார். காற்று சீறியது. ஒவ்வொரு டயராக நாலையும் இறக்கி, அவள் கையிலிருந்த காற்று அளக்கும் கேஜைப் பறித்து அளந்து பார்த்துவிட்டு, "இனி இதுதான். வீரய்யா, விளங்கினதா?" என்றார். வீரய்யா தலை குனிந்தார். சண்முகவடிவு தெருவைப் பார்த்து உரத்துச் சொன்னாள்: "இத நான் வைக்கல. எல்லாரும் பாத்துக்குங்க."

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்து வண்டி எதுவும் அவளிடம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று.

இரண்டரை மாதம் கழித்து, துரையும் துரைசானியும் கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மூன்று பெரிய பெட்டிகள். நல்ல வெயிலில் கீழ்நாட்டு ரோட்டில் வேகமாக ஓடிவந்த கார், கினிகத்தேனை தாண்டி ஒரு வளைவில் ஏறும்போது பின்பக்க இடது டயர் வெடித்தது. வீரய்யா பிரேக்கை மிதிக்காமல் மலைப்பக்கத்துக் கானுக்குள், மழைநீர் ஓடும் வாய்க்காலுக்குள், காரை விட்டார். மறுபக்கம் விட்டிருந்தால் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. துரைசானிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

கால்மணி நேரத்துக்குள் பொலிஸ் வந்தது. பக்கத்துக் கராஜிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து மற்ற மூன்று டயர்களையும் அளக்கச் சொன்னார்கள். மூன்றிலும் இருபத்திமூன்று ராத்தல். புத்தகத்தின் சாதாரண அளவுக்கு ஒன்றுதான் குறைவு. டயரில் குற்றமில்லை, டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அடுத்த வாரம் வீரய்யாவை வேலையை விட்டு நிறுத்தி, ஒரு மாதத்துக்குள் லயத்தில் அவர் குடியிருந்த காம்பிராவைக் காலி செய்யச் சொன்னது தோட்டம். அவர் பெண்சாதி மீனம்மாவின் பெயரையும் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலிலிருந்து வெட்டினார்கள்.

யூனியன் வழக்குப் போட்டது. சாட்சிதான் கிடைக்கவில்லை. துரை நெருப்புக் குச்சியோடு குனிந்ததைப் பார்த்த தெருவில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. வீரய்யா சண்முகவடிவிடம் வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "வெடிச்ச டயரு எங்கண்ணே?"

அவள் சாட்சி சொல்லப் போகிற செய்தி காண்ட்ராக்டர் கணேசமூர்த்திக்கும் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கடை வாசலில் நின்று சுற்றிவளைத்துப் பேசினார்.

"வடிவு, அந்தத் தோட்டத்துலதான் எனக்கு வெறகு காண்ட்ராக்டு. இந்தக் கொட்டக என்னுது. நீ சாட்சிக்குப் போனா என்னைய என்னா செய்யச் சொல்ற?"

"ஒங்களுக்குத் தோணுறத செய்யுங்க முதலாளி. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லத்தான் போறேன்."

அவர் போனதும் நல்லமுத்து கெஞ்சினார். "தொரையோட மல்லுக்கு நிக்க நம்ம யாரு வடிவு? இந்த நாட்டுல ஓட்டுகூட இல்லாத ஆளுங்க நம்ம."

"ஓட்டு இல்லாட்டி கண்ணும் இல்லையாங்க?" என்றாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வழக்கு நாளன்று மண்டபத்துக்குள் இரண்டு பெண்கள் நுழைந்ததை நான் மறக்கவில்லை. முன்னால் சண்முகவடிவு. பின்னால் மீனம்மா, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கிழிந்த டயர். தோட்டத்துக் கராஜுக்குப் பின்னால் குப்பையோடு கிடந்ததைக் காவல்காரன் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

நீதிமன்றத் தலைவர் கண்டியிலிருந்து காலையில் தன் காரில் வந்திருந்தார். தோட்டத்தின் சார்பில் கொழும்பு வழக்கறிஞர். அவர் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி: சாட்சிக்கு ஆங்கிலம் தெரியுமா?

"தெரியாதுங்க."

மோட்டார் வேலையில் ஏதாவது சான்றிதழ் உண்டா?

"இல்லைங்க."

அப்படியானால் எந்தத் தகுதியில் சாட்சி சொல்ல வந்தாய்?

"எட்டு வருசமா காத்து அடிக்கிறேன். தொரை தப்பு பண்ணினாரு. அதைச் சொல்ல வந்தேன்."

நான் தயங்கினேன். துரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில், இந்த விஷயத்தில் ஏதோ சிறு தவறு நேர்ந்திருக்கக்கூடும் என்று சாட்சி கருதுகிறார் என்று சொல்லிவைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, நான் சொன்னது சின்னது. நீங்க சொன்னது நீளமா இருக்கே?"

மண்டபம் சிரித்தது. தலைவர் என்னிடம், சாட்சி என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டார். எனக்குக் காது சுட்டது. இந்தத் தடவை, துரை தவறு செய்தார் என்று அவள் சொன்னபடியே சொன்னேன். அன்று முழுவதும் பிறகு ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

வழக்கறிஞர் பொலிஸ் அறிக்கையை உயர்த்திப் பிடித்தார். இருபத்திமூன்று ராத்தல். பதினெட்டு என்பது வெறும் கதை.

"எப்ப அளந்தாங்க?" என்று கேட்டாள்.

விபத்து நடந்த கால்மணி நேரத்தில்.

"கொழும்புலருந்து ஓடி வந்த டயரு அது. கைய வச்சா சுடும். சூட்டுல இருபத்திமூணுன்னா ஆறுனா பத்தொம்பதோ பதினெட்டோதான். பொத்தகம் சொல்ற இருபத்திநாலு ஆறுன டயருக்கு."

காற்று சூட்டில் நாலைந்து ராத்தல் கூடுமென்பது சாட்சியின் கற்பனை என்றார் வழக்கறிஞர்.

"நம்ப வேணாங்க. அளந்து பாருங்க. தலைவரு ஐயாவோட காரு வெளிய நிக்குது. காலையிலருந்து பனியில நிக்குது, நல்லா ஆறியிருக்கும். இப்ப அளங்க. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து திருப்பி அளங்க."

வழக்கறிஞர் ஆட்சேபித்தார். இடையில் யாராவது காற்று அடித்துவிட்டால் என்ன செய்வது?

"அப்ப நீங்களே கார்ல ஏறிப் போங்க" என்றாள்.

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மன்றமே பின்னால் இறங்கியது. மூடுபனிக்குள் அந்தக் காரைச் சுற்றி நின்றோம். கேஜை அவள் தொடவில்லை. வழக்கறிஞரே அழுத்தி, அவரே வாசித்தார். இருபத்திநாலு. பிறகு அவரையும் யூனியன்காரர் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு கார் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போயிற்று. நாங்கள் காத்திருந்தோம். துரை தனியாக நின்று பைப் பிடித்தார். சண்முகவடிவு படியில் உட்கார்ந்து மீனம்மாவோடு வெற்றிலை போட்டாள்.

கார் திரும்பியது. வழக்கறிஞர் இறங்கி, அதே டயரில் கேஜை வைத்தார். பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ட்வென்டி எய்ட்" என்றார்.

தலைவர் குனிந்து தானும் பார்த்தார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்துக்கொண்டார்.

மேலே போனதும் கிழிந்த டயரை மேசைமேல் வைக்கச் சொன்னார். அவள் கிழிசலை விரித்துக் காட்டினாள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் புதிதாக இருந்தது. உட்பக்கம் சுற்றிலும் மடிப்புக் கோடு. விரலால் தேய்த்தால் கரிப்பொடி மாதிரி ரப்பர் உதிர்ந்தது. "ஒரு நா ஓட்டத்துல இப்படி ஆகாதுங்க. ரெண்டு மாசமா மடிஞ்சி மடிஞ்சி செத்திருக்கு. அண்ணே கவனமா ஓட்டலேன்னா அன்னிக்கு காரே பள்ளத்துக்குப் போயிருக்கும்" என்றாள். பிறகு துரை சாட்சிக் கூண்டில் ஏறினார். பதினெட்டு வைக்கச் சொன்னீர்களா என்று தலைவர் நேராகக் கேட்டபோது, அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

தீர்ப்பு ஆறு வாரத்தில் வந்தது. வீரய்யாவை நின்ற நாட்களுக்கான சம்பளத்தோடு அதே வேலையில் மறுபடி சேர்க்க வேண்டும். அவர் வேலைக்குப் போனபோது, காரைக் கொடுக்காமல் கான் வெட்டச் சொல்லி மண்வெட்டியைக் கொடுத்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. டிரைவர் காக்கிச் சட்டையோடு தினமும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, பங்களாக் கராஜ் வாசலில் வேலை நேரம் முழுவதும் நின்றார். மழையிலும் நின்றார். பன்னிரண்டாம் நாள் கொழும்புக் கம்பனியிலிருந்து கடிதம் வந்து, கார்ச் சாவி அவர் கைக்குப் போயிற்று. அவர் முதலில் செய்த வேலை நாலு டயருக்கும் இருபத்திநாலு வைத்தது.

கணேசமூர்த்தி சொன்னதைச் செய்தார். மூன்று மாதத் தவணை கொடுத்துக் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார். கடைத்தெருவில் வேறு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஸ்டேஷனுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த சிறிசேன முதலாளி, தன் கடைக்குப் பக்கத்து வெற்று நிலத்தைக் காட்டினார். "மெஷின் சத்தம் கூடுதலா இருக்குமே மாத்தியா?" என்று அவள் சிங்களத்தில் கேட்டதற்கு, தன் பெண்சாதியின் சத்தத்தைவிடவா என்றாராம்.

1960 மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை கடை இடம் மாறியது. காற்று மெஷினைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். பதினேழு பேர் வந்தார்கள். லொறி டிரைவர்கள், ஹயர் கார் டிரைவர்கள், காக்கிச் சட்டையில் வீரய்யா. வண்டிகளைத் தெரு நெடுக நிறுத்திவிட்டு மெஷினைக் கம்பில் கட்டித் தோளில் ஏற்றினார்கள். பின்னால் தகரச் சுவரையே கழற்றி, சுண்ணாம்பு எழுத்து அழியாமல் இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாதை அடைபட்டது. பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஒரு பொலிஸ்காரர் ஓடிவந்து, என்ன ஊர்வலம் இது, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று சத்தம் போட்டார். கம்பு தூக்கியவர்கள் தயங்கி நின்றார்கள். கணேசமூர்த்தி தன் விறகுக் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்முகவடிவு வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தின் முன்னால் வந்து நின்றது நல்லமுத்து. கோணல் கையை இடுப்பில் ஊன்றியிருந்தார்.

"ஊர்வலம் இல்லீங்க. எம் பொஞ்சாதி கடைங்க. ஸ்டேசனுக்குக் கீழ போகுது. வழிய விடுங்க, மெசினு கனக்குது."

பொலிஸ்காரர் அவரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், நின்றுபோன பஸ்களைப் பார்த்தார். ஒதுங்கி நின்று, எதிரே வந்த லொறியைக் கையை நீட்டி நிறுத்தினார்.